செகண்ட் ஹேண்ட் கார் தகராறு: எது தேய்மானம், எது மோசடி

வண்டியை வாங்கிப் போனவர் ஒரு வாரத்துக்குள் போன் செய்கிறார். "சார், கிளட்ச் போயிடுச்சு. ஒண்ணு செலவுல பாதி குடுங்க, இல்லேன்னா வண்டியைத் திருப்பி எடுத்துக்குங்க." விற்றவர், "பார்த்து, ஓட்டித்தானே எடுத்தீங்க?" என்கிறார். அதற்கு மேல் நடப்பது வெறும் குரல் போட்டி. ஏனென்றால் இருவருமே சட்டத்தில் இல்லாத ஒன்றை நம்பிப் பேசுகிறார்கள். பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கும் உரிமை தனக்கு உண்டு என்பது வாங்கியவரின் நினைப்பு. பணம் கைக்கு வந்ததோடு தன் பொறுப்பு தீர்ந்தது என்பது விற்றவரின் நினைப்பு. இரண்டுமே தப்பு.

தனி ஆள் தனி ஆளுக்கு விற்கும் பழைய காருக்கு இந்தியாவில் மூன்று நாள், ஏழு நாள் என்று எந்தத் திருப்பல் காலமும் கிடையாது. ஆன்லைன் கார் நிறுவனங்கள் தரும் 'திருப்பிக் கொடுக்கலாம்' சலுகை அந்தந்த நிறுவனத்தின் வியாபார வாக்குறுதிதானே தவிர சட்டமல்ல. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16, பொருளின் தரத்துக்கு விற்பவர் தானாகவே உத்தரவாதம் தந்ததாகக் கருத முடியாது என்றுதான் தொடங்குகிறது. அதற்கு உள்ள முக்கியமான விலக்குகள், அந்த வகைச் சரக்கை விற்பதையே தொழிலாகக் கொண்டவரைப் பற்றியவை. வீட்டு வண்டியை விற்கும் வங்கி ஊழியரோ ஆசிரியரோ அதில் வரமாட்டார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்: எதிராளி வியாபாரியா? இல்லையென்றால் மனு நிற்காது.

இதனாலேயே சில வியாபாரிகள் வீட்டுக்காரர் வேடம் போடுகிறார்கள். "என் மச்சான் வண்டி, அவர் துபாய்ல இருக்காரு" என்பார்கள். அதே கைப்பேசி எண்ணைத் தேடினால் வேறு ஐந்து கார்களின் விளம்பரம் வரும். ஆர்.சி.யில் ஒரு பெயர், பணம் போடச் சொல்லும் கணக்கில் வேறு பெயர், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் இடம் காலியாக விட்டு முன்கூட்டியே கையெழுத்து. இப்படி இருந்தால் அந்த விளம்பரங்களையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்தால், அவர் வியாபாரிதான் என்று காட்டி நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் திறக்க உதவுவது அதுதான். பணத்தை மட்டும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள்.

சரி, இருவருமே தனி ஆட்கள் என்றால் வாங்கியவருக்கு எதுவுமே கிடையாதா? உண்டு. அது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது, அதுவும் ஒரு குதிரையை வைத்து. பிரிவு 17 மோசடி எது என்று சொல்லிவிட்டு உதாரணங்கள் தருகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், வாய் திறக்கவில்லை: அது மோசடி அல்ல. வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்குக் குறை இல்லை என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறார், விற்பவர் சும்மா இருக்கிறார்: இப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். வாங்குபவர் அப்போதுதான் வயதுக்கு வந்த சொந்த மகள் என்றால், கேட்காமலே சொல்லவேண்டிய கடமை தந்தைக்கு உண்டு.

நூற்றைம்பது ஆண்டு பழைய இந்தக் குதிரை உதாரணத்தை இன்றைய கார் வாங்கலில் அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் யாரும் பயன்படுத்துவதில்லை. முழுப் பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்: "சார், நாளை பணம் தருகிறேன். மீட்டரில் உள்ள 61,400 கிலோமீட்டர் உண்மையானது. வண்டி வெள்ளத்தில் நிற்கவில்லை. ஏர்பேக் விரிந்த விபத்தோ சேஸ் வரை அடியோ இல்லை. என்ஜின், கியர்பாக்ஸ் பிரித்ததில்லை. கடன், வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை. இதை நம்பித்தான் வாங்குகிறேன். இதில் ஏதாவது தவறு என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்." அவர் 'ஓகே சார்' என்றாலும் சரி, படித்துவிட்டுப் பதில் போடாமல் பணத்தை வாங்கிக்கொண்டாலும் சரி, சட்டம் சொன்ன குதிரைக்காரரின் இடத்துக்கு அவர் வந்துவிட்டார். நேர்மையான விற்பனையாளருக்கும் இது நல்லதே. "2021ல் முன் பம்பர், வலது பெண்டர் மாற்றியது" என்று அவர் அங்கேயே எழுதிவிட்டால், அதைப் பற்றிப் பின்னால் யாரும் வாய் திறக்க முடியாது.

விளம்பரத்தில் உள்ள வாசகங்களும் இப்படித்தான் பிரியும். "வண்டி சூப்பரா ஓடும்", "ஒரு ரூபா செலவில்லை" போன்றவை வாய்ஜாலம். இவற்றை வைத்து வழக்கு நடத்த முடியாது. "சிங்கிள் ஓனர்", "முழுக்க ஷோரூம் சர்வீஸ்", "டைமிங் பெல்ட் 80,000 கிலோமீட்டரில் மாற்றியது" போன்றவை சரிபார்க்கக்கூடிய உண்மைக் கூற்றுகள். பொய்யென்றால் விற்றவர் அதற்குப் பொறுப்பு. விளம்பரம் விற்ற அன்றே காணாமல் போகும், அதனால் பார்த்த அன்றே படம் எடுத்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 19இல் ஒரு விலக்கு இருக்கிறது: விற்றவர் மௌனமாக இருந்தார், அல்லது அறியாமல் தவறாகச் சொன்னார் என்பது மட்டும்தான் குறை என்றால், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் வாங்கியவருக்கே உண்மை தெரிந்திருக்கும் எனும்போது, ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. "மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாங்க" என்று விற்றவர் சொல்லியும் கூட்டிப் போகாதவரின் வழக்கு இங்கேதான் சாயும்.

பழுது எந்த வகை?

போன் செய்வதற்கு முன் வாங்கியவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது தேய்ந்ததா, மறைக்கப்பட்டதா?

கிளட்ச் நகர ஓட்டத்தில் 60,000 முதல் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் போகும். அதற்கு முன்பே போனாலும் ஓட்டும் காலின் குற்றம். பிரேக் பேடு 30,000-40,000, டயர் 40,000-50,000, பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடம். சஸ்பென்ஷன் புஷ், லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் ரேக் எண்ட், ஏ.சி. கேஸ், எல்லாமே தேயும் சாமான்கள். எட்டு வருட வண்டியில் இவற்றுக்காகச் சண்டை போடுவது நேரத்தை வீணாக்குவது. விலையில் அதைக் கழித்திருக்க வேண்டும். கழிக்கவில்லையென்றால் அது பேரத்தில் விட்டது.

என்ஜின் ஆயில் குடிப்பது, டர்போ போவது, கியர்பாக்ஸ் இரைவது எல்லாம் நடுவில் நிற்கும் விஷயங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வரும் பேக் கம்ப்ரஷன் (உள்ளே தேய்ந்துபோன) என்ஜினை விற்றவர் வாயே திறக்காமல் விற்றிருந்தால், அது முதல் குதிரை. மூடியைத் திறந்து பார்க்கும் வேலை வாங்குபவருடையது.

இந்தக் கணக்கு மாறுவது, மறைப்பதற்கென்று யாரோ கையால் ஒரு வேலை செய்திருக்கும்போதுதான். பிரிவு 17 'உண்மையை முனைந்து மறைத்தல்' என்பதைத் தனியாகவே மோசடி என்கிறது. அங்கே கேள்வி கேட்டாரா இல்லையா என்ற பேச்சே கிடையாது. ஆகவே மெக்கானிக்கிடம் "என்ன பழுது?" என்பதோடு, "இதை மறைக்க ஏதாவது செய்திருக்கிறார்களா?" என்றும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அதற்கான தடயங்கள் சில.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது செக் என்ஜின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்ப் எடுக்கப்பட்டிருக்கும், அல்லது உள்ளே கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். விரிந்த ஏர்பேக்குக்குப் பதில் புதியது போடாமல், சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டர் வைத்து விளக்கை ஏமாற்றுவதும் உண்டு. ஸ்கேனர் போட்டால் பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்று வரலாம். அதோடு நிறுத்தாமல், வண்டியின் கம்ப்யூட்டர் தன் சுயசோதனைகளை முடித்துவிட்டதா என்று காட்டும் 'ரெடினஸ் மானிட்டர்' பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பலவும் முடியாத நிலையில் இருந்தால், அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது. சில நாள் ஓட்டினால் அழித்த குறியீடு திரும்ப வரும். 'வாங்கின நாலாம் நாள் லைட் எரிஞ்சது' என்ற புகார்களில் பாதிக்கு இதுதான் விளக்கம் என்பது என் கணிப்பு.

மீட்டர் குறைப்புக்கு ஒற்றைச் சான்று போதாது, இரண்டு மூன்று சேர வேண்டும். பதிவெண்ணையோ சேஸ் நம்பரையோ கொடுத்து, அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பழைய ஜாப் கார்டுகளை (ஒவ்வொரு சர்வீஸுக்கும் போடும் பதிவுச் சீட்டு) கேட்கலாம். 2021லேயே 88,000 என்று பதிவாகி, இன்று மீட்டரில் 61,400 என்றால் வேறு பேச்சு தேவையில்லை. சில வண்டிகளில் ஏ.பி.எஸ். யூனிட் போன்ற பிற கம்ப்யூட்டர்களிலும் ஓடிய தூரம் தனியாகப் பதிந்திருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். 2019 மாடல், 28,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் 2022இல் செய்தவை. ஏன் அவ்வளவு சீக்கிரம் மாற்றினார்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும். ஒரு சிக்கல்: மீட்டரைக் குறைத்தது உங்களுக்கு விற்றவர்தானா, அவருக்கு முந்தைய ஓனரா என்பது. இவரும் ஏமாந்தவர் என்றால் மோசடி என்று சொல்ல முடியாது. தவறான கூற்று என்ற அளவில் வாதம் இருக்கும், ஆனால் பிரிவு 19இன் விலக்கு குறுக்கே வரும்.

வெள்ள வண்டி தமிழ்நாட்டில் தனிக் கதை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. இன்சூரன்ஸ் நிறுவனம் டோட்டல் லாஸ் (பழுது பார்த்துப் பயனில்லை) போட்டு விற்ற வண்டிகளில் சில சுத்தம் செய்யப்பட்டு மறுபடி சாலைக்கு வருகின்றன. சீட் கவரும் கார்பெட்டும் புதிதாக இருக்கும். பார்க்க வேண்டியது மாற்றாத இடங்களை: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு, சீட் ரெயில் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியின் மூலையில் வண்டல், டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் கப்ளர்களிலும் ஃபியூஸ் பாக்ஸிலும் பச்சைப் பூச்சு. ஆர்.சி. எண்ணை வைத்து பழைய இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கிளெய்ம் விவரம் கேட்கலாம். தர மறுத்தால், வழக்கு வந்தபின் நீதிமன்றம் வழியாக வரவழைக்கலாம்.

பெரிய அடியைக் கண்டுபிடிக்கப் பெயிண்ட் கனம் பார்க்கும் கருவி உதவும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான். 300ஐத் தாண்டினால் உள்ளே பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு. ஆனால் கதவில் பட்டி இருப்பது குற்றமல்ல, நம் ஊர் தெருக்களில் உரசாத கதவு எது? கவலைப்பட வேண்டியது வண்டியின் எலும்புக்கூடு போன்ற பாகங்களுக்கு: அப்ரான், பில்லர், கூரை, சேஸ் லெக். டோர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால் கம்பெனி ஸ்பாட் வெல்டிங்கின் சீரான குழிகள் தெரியும். அங்கே வழவழவென்றோ, கையால் வெல்ட் செய்த மேடாகவோ இருந்தால் பில்லர் வேலை நடந்திருக்கிறது. அதன் மேல் அண்டர்கோட்டிங் அடித்து மூடியிருந்தால், அது மறைப்பு.

குறை தெரிந்தபின் செய்ய வேண்டியது

முதலில் வண்டியை நிறுத்துங்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்ய நினைப்பவர், வாங்கிய நிலையிலேயே பொருளைத் திருப்பித் தரக்கூடியவராக இருக்க வேண்டும். குறை தெரிந்தபின்னும் வண்டியில் ஊட்டி போய்விட்டு வந்தவர், புது மியூசிக் சிஸ்டம் போட்டவர், "இருக்கட்டும்" என்று ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். மீட்டர், நான்கு பக்கம், எரியும் விளக்குகள் எல்லாவற்றையும் தேதி நேரம் தெரியும்படி படமெடுங்கள்.

அடுத்தது, என்ஜினைப் பிரிக்காதீர்கள். நிறைய பேர் தோற்பது இங்கேதான். தெரிந்த மெக்கானிக் ஹெட்டைக் கழற்றிவிட்டு "ஏற்கனவே பிரிச்ச என்ஜின்" என்பார். விற்றவர் "நீங்க பிரிச்சதுதான்" என்பார். இரண்டையும் நிரூபிக்க இனி வழியில்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விட்டு, ஜாப் கார்டு போட்டு, எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். பிரித்தே ஆகவேண்டும் என்றால், "வரும் சனிக்கிழமை காலை 11 மணிக்கு இந்த இடத்தில் பிரிக்கிறோம், நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ வந்து பார்க்கலாம்" என்று விற்றவருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செய்தி வேலை செய்யும். கழற்றிய சாமானைக் கடையில் விட்டுவராதீர்கள். வீடியோ எடுத்து, பையில் போட்டு வீட்டில் வையுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63இன் கீழ் ஒரு சான்றிதழ் வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் வேலை சுலபம்.

கேட்கும் தொகையிலும் நியாயம் வேண்டும். 90,000 ஓடிய வண்டிக்கு நான்கு புது இன்ஜெக்டர் போட்டு முழுப் பில்லையும் கேட்டால் யாரும் தரமாட்டார்கள், நீதிமன்றமும் தராது. நீங்கள் வாங்கியது 90,000 ஓடிய இன்ஜெக்டர். சொன்னபடி இருந்திருந்தால் வண்டியின் மதிப்பு என்ன, உண்மை நிலையில் மதிப்பு என்ன, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இழப்பீட்டுக் கணக்கு.

விற்றவர் பக்கம்

அந்தப் போன் வந்ததும் இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, எண்ணை பிளாக் செய்வது. எதிராளி அடுத்த நாள் வழக்கறிஞரிடம் போவதற்கு அதுவே காரணமாகிவிடும். இன்னொன்று, மனசு இளகி "பரவாயில்ல தம்பி, பாதி தர்றேன்" என்று மெசேஜ் போடுவது; அது பொறுப்பை ஒப்புக்கொண்டது போல் படிக்கப்படும். "ஜாப் கார்டும் எஸ்டிமேட்டும் அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்" என்பதே சரியான பதில். உதவ விரும்பினால், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் நல்லெண்ணத்தில் தருவதாக எழுதி, "இத்தோடு இந்த வண்டி சம்பந்தமான எல்லாக் கோரிக்கையும் முடிந்தது" என்று எதிராளியின் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வங்கி வழியாக அனுப்ப வேண்டும்.

வண்டியைத் திருப்பி எடுப்பது என்றால், முதலில் ஆர்.சி. மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாறவில்லையென்றால் எளிது: கையெழுத்திட்ட படிவங்களைத் திரும்ப வாங்கி, ஆன்லைன் விண்ணப்பம் போட்டிருந்தால் ரத்து செய்து, பணத்தைத் திருப்பினால் முடிந்தது. மாறிவிட்டால் உங்கள் வண்டி உங்களிடமே மூன்றாவது ஓனர் வண்டியாகத் திரும்பி வரும். அந்த ஒரு எண்ணுக்காகவே சந்தையில் விலை விழும். பெரும்பாலும் பழுதுச் செலவில் ஒரு பங்கைக் கொடுப்பதே மலிவு.

'உள்ளது உள்ளபடி' என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் கவசம் என்று நினைப்பவர்கள் உண்டு. தேய்மானப் புகார்களுக்கு அது கவசம்தான். தெரிந்தே சொன்ன பொய்க்கு அல்ல. அதைவிட நல்ல கவசம், தெரிந்த குறைகளை ஐந்தாறு வரியில் எழுதி வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குவது. விலை கொஞ்சம் குறையும், தூக்கம் வரும்.

ஆனால் விற்றவருக்கு உண்மையான ஆபத்து கிளட்சிலோ டர்போவிலோ இல்லை; பெயர் மாறாத ஆர்.சி.யில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50இன்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29இல் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30இல் விண்ணப்பிக்க வேண்டும். தகராறு வந்ததும் வாங்கியவர் "பணம் தந்தாத்தான் பெயர் மாத்துவேன்" என்று படிவத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது வழக்கமான மிரட்டல். 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், 2007இல் விற்ற கார் பல கை மாறி 2009இல் விபத்தில் சிக்கியது, ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஓனரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. விற்றதற்கான காகிதம் கையில் இருந்தும் அந்த நிலை. எனவே படிவம் 29ஐ வாங்குபவரை நம்பி விடாமல், விற்றவரே ஆர்.டி.ஓ.வில் சேர்ப்பித்து ஒப்புகை வாங்குவதும், பெயர் மாறும்வரை எம்-பரிவாகன் செயலியில் பார்த்துக்கொண்டே இருப்பதும் அவசியம். பெயர் மாறும்வரை பத்து, இருபதாயிரம் ரூபாயைப் பிடித்து வைக்கும் பழக்கம் வாங்குபவர்களிடம் உண்டு. விற்பவரும் அதேபோல் எழுத்தில் ஒரு டெபாசிட் கேட்கலாம்.

வண்டியை ஒப்படைத்ததற்கு எழுதும் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் நிமிடமும் எழுதுவது ஏன் என்று கேட்பவர்கள், போக்குவரத்து அபராத இ-சலான் ஒன்று வந்தபின் கேட்கமாட்டார்கள். ஃபாஸ்டேக்கை விற்றவர் அன்றே மூட வேண்டும். இல்லையென்றால் புதியவரின் சுங்கக் கட்டணம் பழையவரின் கணக்கில் போகும். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு போய்விடும். சொந்த சேதப் பாதுகாப்பு அப்படிப் போகாது. 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் இருபதாம் நாள் இடித்துவிட்டு "இன்சூரன்ஸ் இருக்குன்னு சொன்னீங்களே" என்று விற்றவரைப் பிடிப்பதில் பயனில்லை. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) விற்றவருடையது. அந்த வித்தியாசத் தொகையைப் புதியவர்தான் கட்ட வேண்டும்.

உரிமைக் குறை, வெளிமாநில வண்டி, அட்வான்ஸ்

தரத்துக்கு உத்தரவாதம் இல்லாவிட்டாலும், விற்கும் உரிமை தனக்கு உண்டு என்பதற்கு ஒவ்வொரு விற்பனையாளரும் பொறுப்பு, தனி ஆளும்தான். சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 14 அதைச் சொல்கிறது. திருட்டு வண்டி, கடன் தீராத வண்டி என்று வந்தால் 'பார்த்துத்தானே வாங்கினீங்க' என்ற பேச்சுக்கே இடமில்லை. கடன் முடிந்தும் ஆர்.சி.யில் ஹெச்.பி. (வங்கிக் கடன் குறிப்பு) நிற்பது மிகச் சாதாரணம், வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) அந்தக் குறிப்பை நீக்கும் படிவம் 35உம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

புதுச்சேரி எண், டெல்லி எண் வண்டிகளில் வேறு தகராறு. டெல்லியில் பத்து வருட டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தபின், அவை மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. வாங்கியபின்தான், படிவம் 28இல் என்.ஓ.சி. வேண்டும், தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும் என்பது தெரிகிறது. இது விற்றவரின் மோசடி அல்ல, வாங்கியவர் போடாத கணக்கு. பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பப் பெற அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு விற்றவரின் ஒத்துழைப்பு வேண்டியிருக்கும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

அட்வான்ஸ் விஷயம் சுருக்கமானது. வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் போகும் என்று எழுதியிருந்தால், நியாயமான அளவுக்கு விற்றவர் வைத்துக்கொள்ளலாம். 4 லட்சம் வண்டிக்கு ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் வாங்கி மொத்தத்தையும் விழுங்க நினைத்தால், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 குறுக்கே நிற்கும். எதுவும் எழுதவில்லையென்றால், அலைச்சல் செலவைக் கழித்துக்கொண்டு திருப்பித் தருவதுதான் வம்பில்லாத வழி. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை விதிக்கிறது. ரொக்கத்தைப் பெற்ற விற்பனையாளருக்கு அதே அளவு அபராதம் வரலாம் என்பதால், ரொக்கத்தில் முடித்த பேரத்தில் விற்றவரால் நீதிமன்றத்தில் தெம்பாக நிற்க முடியாது.

எங்கே போவது

காவல் நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் "இது சிவில் மேட்டர்" என்பார்கள். தேய்மானப் புகார் என்றால் அவர்கள் சொல்வது சரி. விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318இன் கீழ் மோசடியாகும். திருட்டு வண்டி, போலி ஆர்.சி., சேஸ் நம்பர் மாற்றம் என்றால் தயங்காமல் போங்கள். மனு கொடுத்து, அது பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். மீட்டர் குறைப்புக்கு ஜாப் கார்டு கையில் இருந்தால் முயலலாம். நிலைய வாசலில் நடக்கும் கட்டப்பஞ்சாயத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்றவற்றுக்கு முதல் படி வழக்கறிஞர் நோட்டீஸ்: எந்தக் கூற்று, எந்தத் தேதியில், அது பொய் என்பதற்கு எந்தக் காகிதம், எவ்வளவு தொகை, 15 நாள் அவகாசம். டெலிவரிக்கு அத்தாட்சி வரும்படி தபாலில் அனுப்ப வேண்டும். அடுத்த படி உரிமையியல் வழக்கு; அதற்கு மூன்று வருடக் கெடு உண்டு. மோசடி என்றால் அது தெரிய வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். ஆனால் நாற்பதாயிரம் ரூபாய்க்கு வழக்கு நடத்தினால் அதில் பாதி வழக்குக்கே போகும். அதற்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ தாலுகா குழுவிலோ ஒரு மனு கொடுத்தால், வழக்கு தொடரும் முன்பே இருவரையும் அழைத்துப் பேச வைப்பார்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை. எதிராளி வராவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது என்பது குறை. ஆனால் ஆணைக்குழு முத்திரையோடு கடிதம் வந்தால் பலர் வருகிறார்கள். பேசி முடிந்து மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தவணையில் பணம் என்று முடிந்தால், ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற வரியையும், பெயர் மாற்றப் படிவங்கள் எந்தத் தேதியில் யார் கையில் போக வேண்டும் என்பதையும் அந்த உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள்.